ஆட்டிசம் உள்ளவர்களுக்கு இந்த உலகம் எப்படி இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

செம்பருத்தி

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு ஏழு வயது. ஆட்டிசம் என்று போன வருடம் உறுதி செய்தார்கள். ஸ்பீச் தெரபி, ஓ.டி. (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபி) இரண்டும் போய்க்கொண்டிருக்கிறது. அவனுக்கு என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும், எப்படி உட்கார வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவனுக்குள் என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் தெரிய வேண்டும்.

சமீபத்தில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள் நுழைந்ததுமே காதைப் பொத்திக்கொண்டான். கெட்டிமேளம் கொட்டியபோது தரையில் விழுந்து புரண்டு கத்த ஆரம்பித்துவிட்டான். "செல்லம் கொடுத்தே கெடுத்து வச்சிருக்கா" என்று பெரியத்தை எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்கள். ஆனால் இதே பையன் வீட்டில் மிக்ஸி போட்டால் ஓடி வந்து பக்கத்தில் நிற்பான். சுவிட்சை அவனே போட வேண்டும் என்பான். மிக்ஸி சத்தம் பிடிக்கும், மேளச் சத்தம் மட்டும் ஆகாது என்றால் அது பிடிவாதம் இல்லாமல் வேறென்ன என்று கேட்கிறார்கள். என்னிடம் பதில் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

இரவுப்பணி

அக்கா, எனக்கே ஆட்டிசம் உண்டு. முப்பது வயதைத் தாண்டித்தான் தெரிந்தது. உங்கள் மகனுக்காக நான் பேச முடியாது. ஒவ்வொருவருக்கும் இது வேறு வேறு மாதிரி. என் உடம்பு எப்படி என்று சொல்கிறேன், பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டீக்கடையில் நண்பர் ஒருவரோடு நின்று பேசுகிறேன் என்று வையுங்கள். பாய்லர் சீறுகிறது, கண்ணாடி டம்ளர்களைக் கழுவிக் கவிழ்க்கிறார்கள், ரோட்டில் பஸ் ஏர் பிரேக் போடுகிறது, பக்கத்தில் ஒருவர் போனில் வாடகைப் பாக்கியைப் பற்றிச் சண்டை போடுகிறார். உங்களுக்கு இவை எல்லாம் தானாகப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும், நண்பர் குரல் முன்னால் வரும். எனக்கு எதுவும் ஒதுங்காது. எல்லாமே ஒரே அளவில் உள்ளே வரும். அதிலிருந்து நண்பர் பேச்சை நானே பொறுக்கி எடுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் களைத்துப்போவேன். அந்த நேரத்தில் அவர் கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னால் வார்த்தைகள் விழுவது நின்றுவிடும். கண்ணைப் பார்ப்பதா, சொல்வதைக் கேட்பதா, இரண்டில் ஒன்றுதான் முடியும். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாகக் கவனிக்கிறேன் என்று அர்த்தம்.

கல்யாண மண்டபத்தில் சத்தம் மட்டுமா? சீரியல் பல்பு மின்னுகிறது. மல்லிகைப்பூ, சந்தனம், சாம்பார், ஏசி என எல்லா வாசனையும் ஒன்றாக வருகிறது. புதுச் சட்டையின் காலர் கழுத்தை அறுக்கிறது. தெரியாத ஆட்கள் கன்னத்தைக் கிள்ளுகிறார்கள். மெல்லத் தொடுவது எனக்கு இன்றும் எரிச்சலாக இருக்கும். அழுத்திப் பிடித்தால் நிம்மதியாக இருக்கும். மேளம் கொட்டும் முன்பே உங்கள் மகன் நிரம்பிப்போயிருப்பான். மேளம் கடைசியாக வந்தது, அவ்வளவுதான்.

பிடிவாதத்துக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். பிடிவாதம் கேட்டது கிடைத்ததும் நிற்கும், நடுவில் யாராவது பார்க்கிறார்களா என்றும் பார்க்கும். இது எதைக் கொடுத்தாலும் நிற்காது. அமைதியான இடமும் நேரமும் கிடைத்தால் தானாக அடங்கும். அடங்கியதும் அடித்துப் போட்டதுபோல் தூக்கம் வரும். கத்தாமல் அப்படியே உறைந்து பேச்சு நின்றுபோகிறவர்களும் உண்டு. எனக்குப் பெரும்பாலும் அதுதான். "எவ்வளவு சமத்தா உட்கார்ந்திருக்கான்" என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

---

நூல்கண்டு

நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். மிக்ஸி விஷயத்துக்கு 80 வருடத்துக்கு முன்பே பதில் எழுதப்பட்டிருக்கிறது. 1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். ஆட்டிசம் பற்றிய நவீன மருத்துவப் பேச்சு பெரும்பாலும் அதிலிருந்துதான் தொடங்கியது. (1925 வாக்கிலேயே மாஸ்கோவில் குருன்யா சுகரேவா இதே போன்ற குழந்தைகளை விவரித்திருந்தார், அவரை வெகு காலம் யாரும் கண்டுகொள்ளவில்லை.) அந்தக் குழந்தைகள் வாக்குவம் கிளீனர், லிஃப்ட், ஓடும் தண்ணீர், ஏன், காற்றுக்குக்கூட மிரண்டதைக் கானர் பதிவு செய்கிறார். கூடவே இன்னொன்றும் சொல்கிறார்: சத்தம் என்பதாலேயே மிரளவில்லை, தாங்கள் அழைக்காமல் உள்ளே புகும் சத்தத்துக்குத்தான் மிரண்டார்கள்; அதே அளவு சத்தத்தை அந்தக் குழந்தைகள் தாங்களே சந்தோஷமாக எழுப்பினார்கள்.

உங்கள் மகன் மிக்ஸி சுவிட்சைத் தானே போட வேண்டும் என்பதைப் பாருங்கள். எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்பது அவன் கையில். கெட்டிமேளம் யாரோ விரலை ஆட்டியதும் வெடிக்கிறது.

இவ்வளவு முன்பே எழுதியும் புலன் சார்ந்த வேறுபாடுகள் அமெரிக்க மனநல மருத்துவ சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோலாகச் சேர்ந்தது 2013-ல், ஐந்தாம் பதிப்பில்தான். அதில் கூடுதலாக உணர்வது, குறைவாக உணர்வது, தேடிப் போய் உணர்வது மூன்றும் உண்டு. மூன்றும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். சட்டை லேபிளுக்கு அழும் பிள்ளை முட்டியில் ரத்தம் வருவது தெரியாமல் ஓடும். பசி, தாகம், சிறுநீர் முட்டுவது போன்ற உள் உணர்வுகளும் சிலருக்கு மங்கலாகத்தான் வரும். காரணமில்லாமல் அழுகிறான் என்று தோன்றும்போது தண்ணீர் குடித்தானா, பாத்ரூம் போனானா என்று முதலில் பாருங்கள்.

---

கணக்கு வாத்தியார்

நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். யாரையும் புண்படுத்தச் சொல்லவில்லை. எங்கள் காலத்திலும் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள், ஒரே விஷயத்தைப் பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். யாரும் பெயர் வைக்கவில்லை. கொஞ்சம் கண்டிப்பு, கொஞ்சம் பழக்கம், சரியாகிவிட்டார்கள். சத்தம் ஆகவில்லை என்று காதில் ஹெட்போன் மாட்டி, தனி அறை கொடுத்து வளர்த்தால் நாளை வேலைக்குப் போகும் இடத்தில் யார் அறை கொடுப்பார்கள்? உலகம் அவனுக்காக மாறாது. அவனைத்தான் தயார் செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

---

பொருநை

சார், உங்கள் காலத்துப் பிள்ளைகளில் வகுப்புக்கு வந்தவர்களை மட்டும்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். பள்ளிக்கூடத்துக்கே வராமல் வீட்டுப் பின்கட்டில் இருந்தவர்கள் உண்டு. என் அண்ணன் அப்படி இருந்தவன். இப்போது நாற்பதை நெருங்குகிறான்.

அம்மாவைச் சொல்லாத ஆள் இல்லை. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாள், பிள்ளையைக் கொஞ்சவில்லை, டிவி முன்னால் போட்டுவிட்டாள். நம் ஊர் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால் அமெரிக்காவிலேயே 1950, 60களில் தாயின் பாசமின்மைதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று பெரிய டாக்டர்களே நம்பியிருக்கிறார்கள். பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவர் மகனுக்கும் ஆட்டிசம், 1964-ல் புத்தகம் எழுதி அதை உடைத்தார். இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று ஆதாரத்தோடு வாதாடினார். அது ஓய்ந்தது என்று பார்த்தால் 1998-ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை தடுப்பூசி மேல் பழியைப் போட்டது. அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-ல் அதைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவர் பதிவும் பறிபோனது. ஆனாலும் தடுப்பூசி போட்டதால்தான் வந்தது என்று இன்றும் எங்கள் தெருவில் சொல்கிறார்கள்.

அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். அவன் நம்மைப் போல் பேச மாட்டான். சின்ன வயதில் அப்பாவோடு ரயில்வே ஸ்டேஷனில் நிறைய நேரம் இருந்திருக்கிறான். வெளியே போக வேண்டும் என்றால் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்பான், ஸ்பீக்கரில் வரும் அதே ராகத்தில். சாப்பாடு நேரத்துக்கு வரவில்லை என்றாலோ, நான் சொன்ன நேரத்துக்கு வீடு திரும்பவில்லை என்றாலோ "காலதாமதமாக வந்து சேரும்" என்று திரும்பத் திரும்பச் சொல்வான். கோபம் கூடக்கூட வேகம் கூடும். பார்க்க வந்தவர்கள் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறான் என்பார்கள். எங்கள் வீட்டில் அதுதான் பேச்சு. அம்மாவும் பதிலுக்கு "இரண்டாவது பிளாட்பாரத்தில்" என்று சொல்லித்தான் செருப்பை எடுத்துக் கொடுப்பார்.

---

நூல்கண்டு

பொருநை சொன்னது மிக முக்கியமான விஷயம். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வதற்கு எக்கோலாலியா என்று பெயர். முன்பு அதை நிறுத்தப் பார்ப்பார்கள். 1980களில் பாரி பிரைசாண்ட் போன்றவர்கள் செய்த ஆய்வுகளுக்குப் பிறகு, கேட்பது, மறுப்பது, தன்னைத் தேற்றிக்கொள்வது என்று அதற்குள் பல நோக்கங்கள் இருப்பது தெரிந்தது. செம்பருத்தி, உங்கள் மகன் கார்ட்டூன் வசனம் ஏதாவது சொல்கிறானா? முதல் முறை அதைக் கேட்டபோது என்ன நடந்துகொண்டிருந்தது என்று யோசித்துப் பாருங்கள், பல சமயம் அர்த்தம் அங்கே கிடைக்கும்.

பேச்சு வராத பிள்ளைகளுக்குப் படம் தொட்டுப் பேசும் செயலிகள் இருக்கின்றன. ஆவாஸ் என்பது சென்னையில் உருவானது, தமிழிலும் கிடைக்கிறது. செயலி கொடுத்தால் வாய்ப்பேச்சு வராமல் போய்விடும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை, பலருக்குப் பேச்சு கூடவே செய்திருக்கிறது.

---

இரவுப்பணி

> கொஞ்சம் கண்டிப்பு, கொஞ்சம் பழக்கம், சரியாகிவிட்டார்கள்.

சார், சரியாகிவிட்டவர்கள் பட்டியலில் நானும் இருப்பேன். என் வாத்தியார்களைக் கேட்டால் கூச்ச சுபாவம், மற்றபடி நல்ல பையன் என்பார்கள். நான் செய்தது என்னவென்றால், மற்ற பையன்கள் எப்போது சிரிக்கிறார்கள் என்று பார்த்து அப்போது சிரித்தேன். கையை உதற வேண்டும் போல் இருக்கும்போது தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். எதிரே இருப்பவர் புருவத்தைப் பார்த்துப் பேசப் பழகினேன், கண்ணைப் பார்ப்பதாக நினைப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். அம்மா கூப்பிட்டால் வாயைத் திறக்க முடியாது. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகு ஒரு கட்டத்தில் குளிப்பதுகூட முடியாத நிலைக்கு வந்து, வேலையை விட்டு, அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். வெளியே தெரியாமல் மறைத்து வாழ்வதற்கும் மனச்சோர்வு, பதற்றம், தற்கொலை எண்ணம் இவற்றுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. பெயர் தெரிந்த பிறகுதான் எனக்கு ஓய்வு எடுக்கத் தெரிந்தது. இப்போது பத்திரிகை அலுவலகத்தில் பக்க வடிவமைப்பு, இரவு ஷிஃப்ட். கூட்டம் இல்லை, பாதி விளக்கு அணைந்திருக்கும். சந்தோஷமாக வேலை பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்கு மற்றவர் மனம் புரியாது, பரிவு இல்லை என்று எழுதுகிறார்கள். டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர், அவருக்கும் ஆட்டிசம் உண்டு, 2012-ல் ஒரு கேள்வி கேட்டார்: அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால், நமக்கு அவர்களைப் புரிகிறதா? புரியாமை இரண்டு பக்கமும் இருக்கும்போது குறையை ஏன் ஒரு பக்கம் மட்டும் எழுதுகிறோம்? 2020-ல் எடின்பரோவில் காதோடு காதாகக் கதை கடத்தும் விளையாட்டு மாதிரி ஒரு ஆய்வு செய்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும், இல்லாதவர்கள் மட்டும் இருந்த வரிசையிலும் கதை ஒரே அளவுதான் சிதைந்தது. இருவரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது.

---

நூல்கண்டு

ஒரு சேர்க்கை. அதே ஆய்வாளர்கள் 311 பேரை வைத்து 2025-ல் இன்னும் பெரிதாகச் செய்தார்கள். அதில் கலந்த வரிசையிலும் கதை அவ்வளவாகச் சிதையவில்லை. அதனால் முதல் ஆய்வை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களுக்குத் தகவலைச் சொல்லத் தெரியாது என்ற பழைய எண்ணம் இரண்டு ஆய்விலுமே நிற்கவில்லை.

---

கணக்கு வாத்தியார்

தம்பி எழுதியதை இரண்டு முறை படித்தேன். உலகத்துக்கு ஒரு பிள்ளையைத் தயார் செய்ய வேண்டும் என்பதில் நான் இன்னும் நிற்கிறேன். ஆனால் கேட்கிறேன், ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் ஒரு வாத்தியார் நடைமுறையில் என்னதான் செய்ய முடியும்?

---

மதியவெயில்

சார், நான் அரசுப் பள்ளியில் நடுநிலை வகுப்பு எடுக்கிறேன். ஐம்பது பேரை வைத்துக்கொண்டே செய்யக்கூடியவைதான் எல்லாம். மணி கட்டியிருக்கும் பக்கம் உட்கார வைக்காமல் சுவரோரம் உட்கார வைக்கலாம். அன்றைய பாடவேளைகளை போர்டு ஓரத்தில் எழுதிவிட்டு, முடிந்ததை அழித்துக்கொண்டே வரலாம். மற்ற பிள்ளைகளுக்கும் அது பிடிக்கிறது. டிராயிங் டீச்சர் லீவு என்றால் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். "நோட்டை எடு, தேதி போடு, பக்கம் திருப்பு, மூன்றாவது கணக்கைப் போடு" என்று நான்கை ஒரே மூச்சில் சொல்லாமல் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டால் பதிலுக்குக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். காலை வணக்கக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நிற்க அனுமதி. ரொம்பத் திணறினால் சாக்பீஸ் வாங்கி வா என்று ஆபீஸ் ரூமுக்கு அனுப்பிவிடுவேன், நடந்து வந்ததும் தெளிந்துவிடும்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். என் வகுப்பில் ஒரு பெண். சத்தமே வராது, நோட்டு அச்சடித்த மாதிரி இருக்கும். தோழிகள் சிரித்து ஒரு நொடி கழித்துத்தான் சிரிப்பாள். அவர்கள் பொட்டு வைக்கும் விதம், பேசும் தோரணை எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்வாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்தால் தலைவலி என்று மேஜையில் கவிழ்ந்துவிடுவாள். எல்லோரும் அடக்கமான பெண் என்றார்கள். பெண்களிடம் அடக்கத்தை எதிர்பார்க்கும் ஊரில் இவர்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

---

செம்பருத்தி

எல்லோருக்கும் நன்றி. படித்துவிட்டு அவன் அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். கார்ட்டூன் வசனம் நிறையச் சொல்கிறான், இனி குறித்து வைக்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. தயிர்சாதமும் ஒரே ஒரு கம்பெனி பிஸ்கட்டும் தவிர எதையும் தொட மாட்டேன் என்கிறான். முடி வெட்டப் போனால் கடையே அதிரும்படி கத்துகிறான். என்ன செய்வது?

---

இரவுப்பணி

சாம்பாரில் ஒரு வாய்க்குக் கத்திரிக்காய், அடுத்த வாய்க்கு மிளகாய்த் தோல், அதற்கடுத்து குழைந்த பருப்பு. வாயில் என்ன வரும் என்று முன்கூட்டியே தெரியாது. பிஸ்கட் எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் ஒன்றுதான். நான் இன்றும் ரசத்தை வடிகட்டித்தான் ஊற்றிக்கொள்வேன்.

---

நூல்கண்டு

சத்துக்காக என்று தயிர்சாதத்துக்குள் காய்கறியை ஒளித்து வைக்காதீர்கள். தெரிந்துவிட்டால் தயிர்சாதத்தையும் விட்டுவிடுவான். புதுச் சாப்பாடு தனித் தட்டில் பக்கத்தில் இருக்கட்டும். முதலில் பார்ப்பது, பிறகு தொடுவது, முகர்வது. வாரக் கணக்கில் ஆகலாம், பரவாயில்லை. இவ்வளவு குறைவான உணவு என்றால் குழந்தை டாக்டரிடம் சொல்லி இரும்புச்சத்தும் வைட்டமின்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முடிக்கு: சலூனில் மெஷின் அதிர்வு, ஸ்பிரே தண்ணீர், கழுத்தில் விழும் முடி, பவுடர் பிரஷ், எல்லாமே மெல்லத் தொடுபவை. வீட்டுக்கு வந்து வெட்டுபவர் கிடைத்தால் நல்லது. கத்தரிக்கோல் மட்டும், மெஷின் வேண்டாம். தொடங்கும் முன் தலையையும் தோள்களையும் அழுத்திப் பிடித்துவிடுங்கள். பத்து எண்ணுவோம், நிறுத்துவோம், மறுபடி பத்து என்று வையுங்கள். பாதித் தலையோடு அன்றைக்கு நிறுத்தினாலும் சொன்ன வாக்கைக் காப்பாற்றுங்கள்.

---

வடக்குவாசல்

இந்தப் பக்கம் வரும் பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஸ்டெம் செல் போட்டால் குணமாகும் என்று லட்சக்கணக்கில் பணம் கேட்கிறார்கள். நகையை விற்றவர்களை எனக்குத் தெரியும். ஆட்டிசத்துக்கு அது நிரூபிக்கப்பட்ட சிகிச்சை கிடையாது. தயவுசெய்து ஏமாறாதீர்கள். அந்தப் பணம் பிள்ளையின் பெயரில் இருக்கட்டும்.

---

பொருநை

செம்பருத்தி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிட்டீர்களா? பலர் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று தள்ளிப்போடுகிறார்கள். தள்ளாதீர்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ் இருந்தால்தான் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் ஆள் போன்ற சலுகைகளைக் கேட்க முடியும். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு, ஒரு லட்சம் ரூபாய் வரை. பதினெட்டு வயதுக்குப் பிறகு சட்டப்படி காப்பாளர் தேவைப்பட்டால் அதே சட்டத்தில் மாவட்ட அளவிலான குழு இருக்கிறது. அண்ணனுக்கு அப்படித்தான் வாங்கினோம். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் தேசிய நிறுவனம் இருக்கிறது, சான்றிதழுக்கான மதிப்பீட்டுக்கு அங்கே போகலாம்.

மதிப்பீடு ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற இந்திய அளவுகோலில் நடக்கும். 40 கேள்விகள், 70 மதிப்பெண்ணும் அதற்கு மேலும் வந்தால் ஆட்டிசம். அதில் பெரும்பகுதி நீங்கள் சொல்வதையும் அவனைப் பார்ப்பதையும் வைத்துத்தான். புது அறையில் உங்கள் மகன் வாயைத் திறக்காமல் சமத்தாக உட்கார்ந்துவிடலாம், அல்லது அன்றைக்கென்று உற்சாகமாக இருக்கலாம். அதனால் இப்போதிருந்தே ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்றைக்கு, எந்த இடத்தில், அதற்கு முன் என்ன நடந்தது, அடங்க எவ்வளவு நேரம் ஆனது. போனில் சின்ன வீடியோவும் வைத்துக்கொள்ளுங்கள், டாக்டர்களுக்கு மட்டும் காட்டுவதற்கு. காலை முதல் டோக்கனாக வாங்குங்கள், கூட்டம் சேரும் முன்பு முடிந்துவிடும். பிஸ்கட்டை மறக்காதீர்கள், அதே கம்பெனி.